யோபு சொன்ன ஒரு சொல்லும் இறையியல் கல்லூரி வாசலும்

எங்கள் வாசக வட்டத்தில் ஏழு பேர் இருக்கிறோம். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலையில் கூடி ஒரு நூலைப் பற்றிப் பேசுவது பல ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம். எங்களில் மூவர் கிறிஸ்தவர்கள். மற்ற நால்வரில் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, எங்கும் போகாதவர்களும் உண்டு. ஆகவே, 2023 ஆகஸ்டில் வெளியூர் இறையியல் கல்லூரி ஒன்றில் விவிலிய மொழிபெயர்ப்பு பற்றி நடந்த இரண்டு நாள் கருத்தரங்குக்கு எங்களில் நால்வர் புறப்பட்டபோது வீட்டார் சற்றுத் திகைத்துத்தான் போனார்கள்.

அழைத்துச் சென்றவர் எங்களுள் மூத்தவரான அக்கா. ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். திருமண்டலப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் வந்திருந்த சிறு அறிவிப்பைக் கத்தரித்து வைத்திருந்தார். ‘அனைவரும் வரலாம்’ என்ற வரியின் கீழ் மையால் கோடு போட்டிருந்தார். தமிழ் உரைநடையின் வரலாற்றில் விவிலிய மொழிபெயர்ப்புக்கு இடமுண்டு என்பதால் இலக்கிய ஆர்வத்தால்தான் போக விரும்புகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவருக்கு வேறு காரணம் இருந்தது. அது அங்கே போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அக்காவின் ஒரே மகன் 2019இல் சாலை விபத்தில் இறந்துபோனான். வயது இருபத்தாறு. அந்த நாட்களில் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் ஆறுதலாக ஏதேனும் சொன்னார்கள். சபைப் போதகரை எங்கள் பக்கத்தில் ‘ஐயர்’ என்று அழைப்பது வழக்கம். வந்திருந்த ஐயர் யோபின் புத்தகத்தை வாசிக்கச் சொன்னார். யோபு தன்னை அருவருத்துத் தாழ்த்தி மனம் திரும்பியதால் இழந்ததெல்லாம் அவனுக்கு இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது என்றார். அக்கா வாசித்தார். ஆடுகளும் ஒட்டகங்களும் இரட்டிப்பாயின. பிள்ளைகள் மட்டும் முன்பு போலவே ஏழு மகன்கள், மூன்று மகள்கள். “செத்துப்போன பத்துப் பேரும் போனவங்க போனவங்கதானே?” என்று பின்னாளில் எங்களிடம் கேட்டார். அதைவிடவும் அவரை வாட்டியது நாற்பத்திரண்டாம் அதிகாரத்தின் ஆறாம் வசனம். புழுதியிலும் சாம்பலிலும் உட்கார்ந்திருக்கும் ஒருவன் எதற்காகத் தன்னை அருவருக்க வேண்டும்? பிள்ளைகளை இழந்தவன் செய்த தவறு என்ன?

இலக்கிய வாசகர்களான நமக்கு இறையியல் கல்லூரிகளைப் பற்றி அதிகம் தெரியாது. அவை போதகர்களை உருவாக்கும் இடங்கள், நமக்கு அங்கே வேலையில்லை என்று கடந்துவிடுகிறோம். ஆனால் நம் மொழியின் வரலாறு அந்த வாசல்களை ஒட்டியும் நடந்திருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து 1715க்குள் அங்கேயே அச்சிட்டு முடித்தார். உள்ளூர் ஊழியர்களைப் பயிற்றுவிக்க 1716இல் அங்கே ஒரு பயிற்சிப் பள்ளியும் தொடங்கப்பட்டது. ஆரோன் என்ற தமிழர் 1733இல் அங்கே குருவாக அபிஷேகம் பெற்றார். பிற்பாடு பெர்சிவல் பாதிரியாரின் மொழிபெயர்ப்புப் பணியில் ஆறுமுக நாவலரே துணை நின்றார் என்பதை நம்மில் பலர் அறிவோம். சைவத்தின் காவலரும் ஒரு பாதிரியாரும் ஒரே மேசையில் அமர்ந்து, எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இருந்து வந்த ஒவ்வொரு கருத்துக்கும் தமிழ்ச் சொல் தேடியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கும்போது நமக்குச் சிலிர்க்கிறது.

இன்று நம் நாட்டின் இறையியல் கல்லூரிகள் பலவும் செராம்பூர் செனட்டுடன் இணைந்தவை. கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மூவர் 1818இல் வங்காளத்தில் தொடங்கிய கல்லூரி அது. அப்போது செராம்பூர் தரங்கம்பாடியைப் போலவே டேனிஷ்காரர்களின் ஆட்சியில் இருந்தது. 1827இல் டென்மார்க் மன்னர் அளித்த சாசனம்தான் பட்டம் வழங்கும் உரிமையை அதற்குத் தந்தது. 1845இல் இரண்டு ஊர்களையும் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிக்கொண்டபோதும் அந்த உரிமை அழியவில்லை. மதுரை அரசரடியில் 1969இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியோ தமிழில் இறையியல் கற்பதையே தன் அடையாளங்களுள் ஒன்றாகக் கொண்டது. 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு அங்கே ஆசிரியராக இருந்தார். ‘பரட்டை’ என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் பாடல்கள் எழுதி, வயற்காட்டுப் பேச்சை வழிபாட்டு மொழியாக்கினார். இதையெல்லாம் ரயிலில் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொண்டு மிகுந்த எதிர்பார்ப்போடுதான் போனோம்.

கருத்தரங்கு ஆங்கிலத்தில் நடந்தது.

அதைக் குறையாகச் சொல்வது முற்றிலும் நியாயமல்ல. பிற மாநிலங்களிலிருந்தும் பேராசிரியர்கள் வந்திருந்தார்கள். கட்டுரைகள் உழைத்து எழுதப்பட்டவை. எங்களில் இருவருக்கு ஓரளவு புரிந்தது, அக்காவுக்குப் பாதி புரிந்தது. முதல் நாள் பிற்பகலில் பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு பற்றிய அமர்வு முடிந்து கேள்வி நேரம் வந்தது. கடைசி வரிசையிலிருந்து அக்கா எழுந்தார். குரல் நடுங்கினாலும் தெளிவாக, தமிழில் கேட்டார்: “ஐயா, யோபு தன்னை அருவருக்கிறதா மூலத்திலேயே இருக்குதுங்களா? அவர் மனஸ்தாபப்பட்டது எதுக்காக?”

அவையில் சிறு சலசலப்பு. மேடையில் இருந்தவர் கனிவாகச் சிரித்தார். நேரம் குறைவு என்றும், இத்தகைய ஐயங்களைச் சொந்தச் சபையின் போதகரிடம் கேட்டுத் தெளிவது நல்லது என்றும் ஆங்கிலத்தில் கூறிவிட்டு அடுத்த கையை நோக்கித் திரும்பினார். அக்கா உட்கார்ந்தார். நாங்கள் மூவரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தோம். எழுந்து நின்று ‘அவருடைய கேள்விக்குப் பதில் வேண்டும்’ என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

தேநீர் இடைவேளையில் ஒரு முதியவர் எங்களைத் தேடி வந்தார். எபிரேயம் கற்பித்து ஓய்வு பெற்றவராம். “அம்மா, நீங்க கேட்டது ரொம்பப் பழைய கேள்வி. பெரிய பெரிய ஆளெல்லாம் அதுல முட்டிக்கிட்டு நிக்கிறாங்க” என்று சொல்லி வேப்பமரத்தடித் திண்டில் அமர்ந்தார். நிகழ்ச்சி நிரல் தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகச் சில எழுத்துகளை எழுதினார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறோம். அந்த வசனத்தில் இரண்டு வினைகள் உள்ளன. முதலாவது ‘மாஅஸ்’. தள்ளிவிடுதல், வெறுத்து ஒதுக்குதல் என்று பொருள். எதைத் தள்ளுகிறான் என்பதற்கு எபிரேயத்தில் செயப்படுபொருளே இல்லை. ‘என்னை’ என்பது மொழிபெயர்ப்பாளர்கள் வருவித்துக்கொண்டது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலேயே அந்தச் சொல் உள்ளே வந்துவிட்டது. இரண்டாவது வினை ‘நாஹம்’ என்ற வேரிலிருந்து வருவது. அதற்கு வருந்துதல் என்றும் பொருளுண்டு, மனத்தை மாற்றிக்கொள்ளுதல் என்றும் பொருளுண்டு, ஆறுதல் அடைதல் என்றும் பொருளுண்டு. இதே வேர்தான் இரண்டாம் அதிகாரத்தில், யோபின் மூன்று நண்பர்கள் அவனுக்கு ஆறுதல் சொல்ல வந்தார்கள் என்னுமிடத்தில் வருகிறது. பதினாறாம் அதிகாரத்தில் அவர்களை அலைக்கழிக்கும் தேற்றரவாளர்கள் என்று அவன் சாடும்போதும் அதே வேர்தான். கடைசியில் உறவினர் வந்து அவனைத் தேற்றும்போதும் அதுவே. பெரு நாட்டு இறையியலாளர் குஸ்தாவோ குத்தியரேஸ் 1986இல் யோபைப் பற்றி எழுதிய நூலில், யோபு புலம்பலையும் சாம்பல் மேட்டையும் விட்டு எழுகிறான் என்று இந்த இடத்தை வாசிக்கிறார். வேறு சிலர் அவன் புழுதியான மனித நிலையைக் குறித்து ஆறுதல் கொண்டான் என்கிறார்கள். பழைய வாசிப்பே சரி என்போரும் இருக்கிறார்கள்.

“இதில எது சரி ஐயா?” என்று அக்கா கேட்டார்.

“எனக்கு முப்பது வருஷமா முடிவாத் தெரியலம்மா. ஆனா அவன் பாவம் செஞ்சதாலதான் பிள்ளைகள் செத்தாங்கன்னு கடவுள் அந்தப் புத்தகத்துல எங்கயும் சொல்லல. அப்படிச் சொன்ன நண்பர்களைத்தான் அடுத்த வசனத்துலயே கோபிச்சுக்கிறார்.”

அக்கா அந்தத் தாளை வாங்கி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அழவில்லை. ரயிலில் திரும்பும்போது ஒன்று சொன்னார். “நம்ம பேச்சுல மனஸ்தாபம்னா ரெண்டு பேருக்கு நடுவுல வர்ற பிணக்குதானே? அந்தப் பழைய மொழிபெயர்ப்பு தெரியாமலே சரியாச் சொல்லியிருக்கு. யோபுக்கும் கடவுளுக்கும் மனஸ்தாபம்.” மொழிபெயர்ப்பு பற்றி அந்த இரண்டு நாளில் நாங்கள் கேட்ட உரைகளில் இதற்கு இணையான ஒன்றில்லை.

ஊருக்கு வந்ததும் முறையாகப் படிக்க வழியுண்டா என்று விசாரித்தார். எபிரேயம், கிரேக்கம் எல்லாம் அடங்கிய பி.டி. பட்டப்படிப்பு பெரும்பாலும் திருச்சபையின் பரிந்துரையோடு ஊழியத்துக்கு வருபவர்களுக்கானது. அறுபதைக் கடந்த பெண்மணிக்கு அந்தக் கடிதத்தை யார் தருவார்கள்? பொதுநிலையினர் வீட்டிலிருந்தபடியே பயிலச் செராம்பூர் செனட் கிறிஸ்தவக் கல்வியில் பட்டயமும் பட்டமும் வைத்திருக்கிறது என்பதை அந்த முதியவர்தான் தெரிவித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறித்தவ இயலுக்கெனத் தனித்துறை இருப்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அக்கா பட்டயப் படிப்பில் சேர்ந்தார். சனிக்கிழமைகளில் தொலைபேசி வழியே முதியவரிடம் எபிரேய எழுத்துகளையும் கற்கத் தொடங்கினார். எங்களில் இருவர் உடன் கற்க முயன்று மூன்றாவது வாரத்திலேயே பின்வாங்கினோம். அவர் பின்வாங்கவில்லை.

இப்படிப்பட்ட படிப்பு யாருக்காக என்ற கேள்வி எங்களுக்கு அதன் பிறகு ஓயவில்லை. ஒரு சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் இலக்கிய விமர்சனத்தில் ஒரு கட்டுரை பிழைபடும். சாவு வீட்டில் அதே சொல் ஒரு தாயைக் குற்றவாளியாக்கிவிடும். அந்தத் தாய்க்கு மூலச்சொல்லை அறியும் உரிமை, மேடையில் இருப்பவருக்கு இருப்பதைவிட ஒரு துளியும் குறைந்ததல்ல. கருத்தரங்க அறிவிப்பில் ‘அனைவரும் வரலாம்’ என்று அச்சிடுகிறவர்கள், வந்தவர் தம் மொழியில் கேட்டால் அதே மொழியில் விடை தரவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். நம் பங்குக்கு நாமும் போக வேண்டும். இலக்கிய வாசகர் நால்வர் கடைசி வரிசையில் இருந்தால் அந்தக் கேள்வியைத் தள்ளிவிடுவது அவ்வளவு எளிதாக இராது, அவர்கள் எங்களைப் போல் தலைகுனிந்து இராவிட்டால்.

சென்ற டிசம்பர் கூட்டத்தில் யோபின் கடைசி அதிகாரத்தை அக்கா தமிழில் வாசித்துக் காட்டினார். ஆறாம் வசனம் வந்தபோது அந்தச் சொல்லைத் தமிழில் சொல்லாமல் எபிரேயத்திலேயே உச்சரித்துவிட்டுச் சற்று நிறுத்தினார். பிறகு மேலே வாசித்துச் சென்றார். என்ன பொருள் கொண்டார் என்று நாங்கள் கேட்கவில்லை.