யாருடைய துடிப்பு?

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில், பல தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தெருக்களுள் ஒன்றில், மூன்றாம் மாடி வீடு. ஒவ்வோர் இரவும் பத்து மணிக்கு அங்கே மின்விசிறி நிறுத்தப்படும். கணவன் கைக்கு அடக்கமான ஒரு கருவியின் முனையில் ஜெல்லைத் தடவிக் கொடுப்பான். அவள் அதை அடிவயிற்றின் மேல் வைத்து மெல்ல நகர்த்துவாள். முதலில் வெறும் கரகரப்பு. பிறகு காற்று வீசுவதுபோல் ஓர் இரைச்சல். அதன்பின் தொலைவில் குதிரை ஓடிவருவதுபோல் விரைவான துடிப்பு. சிறு திரையில் 142, 146, 144 என்று எண்கள் மாறும். அந்த ஒலி கேட்ட பிறகே வீடு உறங்கப் போகும்.

இணையத்தில் வாங்கிய டாப்ளர் கருவி அது. முந்தைய ஆண்டு அவளுடைய முதல் கரு பத்தாம் வாரத்தில் கலைந்திருந்தது. இம்முறை ஒரு மருத்துவப் பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையிலான நான்கு வாரங்களை வெறுங்கையோடு கடக்க அவளால் முடியவில்லை. வாரம் ஒருமுறை என்று தொடங்கியது, நாளடைவில் நாள்தோறும் என்றாயிற்று. தஞ்சாவூரிலிருந்து அழைக்கும் அம்மா, "இன்னிக்கு எவ்வளவுடி?" என்று எண்ணைக் கேட்ட பிறகுதான் மற்றதைப் பேசுவார். 140க்கு மேல் என்றால் பெண் குழந்தை என்று பெரியம்மா ஒருவர் முடிவே கட்டிவிட்டார். துடிப்பின் வேகத்துக்கும் குழந்தையின் பாலினத்துக்கும் தொடர்பில்லை. பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை 1994ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது; உறவினரோ அதை ஓர் எண்ணிலிருந்து வாசித்துவிடத் துடித்தனர்.

அவள் ஒலியியல் ஆய்வாளர். தமிழில் இல்லாத, வங்காளத்தில் நிறைந்திருக்கும் மூச்சொலிகளை நுண்ணளவில் பதிந்து அளப்பது அவள் பணி. கேட்கும் காதை முழுதும் நம்பக்கூடாது என்பது அத்துறையின் பாலபாடம். ரிச்சர்ட் வாரன் 1970இல் வெளியிட்ட சோதனையை அவளே மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறாள். ஒரு வாக்கியத்தில் ஓர் எழுத்தொலியை முற்றாக வெட்டியெடுத்து, அவ்விடத்தில் இருமலொலியை வைத்தார் வாரன். கேட்டவர்களுள் ஏறத்தாழ அனைவரும், இல்லாத அந்த ஒலியைத் தெளிவாகக் கேட்டதாகவே கூறினர். எதிர்பார்ப்பு ஒலியின் இடைவெளியை நிரப்பிவிடுகிறது. வகுப்பறையில் இதைச் சொல்வது அவளுக்கு எளிதாக இருந்தது.

முப்பத்து மூன்றாம் வாரம். தெருவில் துர்கா பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று காலையிலிருந்து குழந்தையின் அசைவு குறைந்திருந்ததை அவள் உணர்ந்தாள். உணவுக்குப் பின் வழக்கமாக வரும் உதைகள் வரவில்லை. மாலையில் பொறுக்க முடியாமல் கருவியை எடுத்தாள். நெடுநேரத் தேடலுக்குப் பிறகு சீரான ஒரு துடிப்பு கிடைத்தது. திரையில் 112. வழக்கத்தைவிடக் குறைவுதான். ஆனால், குழந்தையின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கலாம் என்று அவள் படித்திருந்தாள். குழந்தை உறங்குகிறது போலும் என்று கணவன் சொன்னான். அவளும் நம்பினாள். மருத்துவமனைக்குக் கிளம்ப எடுத்துவைத்த பை கட்டிலுக்கடியில் திரும்பச் சென்றது.

முதல் மாடியில் வசிக்கும் மாஷிமா அப்போது ஒரு கிண்ணம் பாயேஷுடன் வந்தார். பிரசவ வார்டில் முப்பது ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். அவள் ஒலியைக் கேட்கச் செய்தாள். மாஷிமா கருவியைப் பார்க்கவில்லை. அவளுடைய மணிக்கட்டைப் பற்றி, நாடியில் இரு விரல்களை வைத்துக் கண்களை மூடிக்கொண்டார். அரை நிமிடம் கழிந்தது.

"இது உன்னுடையது, மா," என்றார். "பயத்தில் உன் நெஞ்சு ஓடுகிறது. எழுந்து புடவை மாற்று. டாக்ஸியைக் கூப்பிடச் சொல்."

மாஷிமாவின் அந்த இரு விரல்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. லயனெக் ஸ்டெதஸ்கோப்பை உருவாக்கிய 1816க்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1821இல், பிரெஞ்சு மருத்துவர் கெர்காரதெக் அதைக் கருவுற்ற பெண்ணொருவரின் வயிற்றில் வைத்துப் பார்த்தார். பனிக்குட நீர் அலையும் ஓசையை அவர் எதிர்பார்த்தார். கேட்டதோ கைக்கடிகாரம் ஓடுவதுபோன்ற விரைந்த இரட்டை ஒலி. அதனோடு மூச்சிரைப்பது போன்ற இன்னோர் ஒலியும் கேட்டது. அது தாயின் நாடியோடு ஒத்து நடந்தது. இரண்டையும் அவர் பிரித்தறிந்து எழுதினார். பின்னர் 1895இல் பினார் வடிவமைத்த கொம்புக் குழல் உலகெங்கும் பிரசவ வார்டுகளின் அன்றாடக் கருவியாயிற்று. அக்குழலில் காதை வைப்பவர் தாயின் நாடியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்பது செவிலியர் பயிற்சியின் அடிப்படை விதி. எந்தத் துடிப்பு யாருடையது என்று தெரியாதவரை, கேட்டது எதற்கும் பொருளில்லை.

டாப்ளரில் இந்தச் சிக்கல் இன்னும் ஆழமானது. அதில் கேட்பது இதயத்தின் ஓசையே அன்று. கருவி, காதுக்கெட்டாத மீயொலியை உள்ளே அனுப்புகிறது. அசையும் குருதியிலோ இதயச் சுவரிலோ பட்டுத் திரும்புகையில் அதன் அதிர்வெண் சற்றே மாறுகிறது. இரட்டை விண்மீன்களின் நிறத்தை விளக்க கிறிஸ்டியன் டாப்ளர் 1842இல் முன்வைத்த கொள்கையே இங்கும் வேலைசெய்கிறது. அந்த வேறுபாடு கேட்கக்கூடிய எல்லைக்குள் விழுவதால் கருவி அதை ஒலியாக்கித் தருகிறது. ஆகவே அது அசைவின் மொழிபெயர்ப்பு. தாயின் பெருந்தமனியும் அசைகிறது. நஞ்சுக்கொடியில் குருதியும் பாய்கிறது. மூன்றையும் கருவி மொழிபெயர்க்கும்; யாருடைய சொல் எது என்று சொல்லாது. அச்சத்தாலோ படியேறியதாலோ தாயின் நாடி 110ஐத் தாண்டினால், திரையில் தெரியும் எண்ணும் குழந்தையின் எல்லைக்குள் வந்து நின்றுவிடும்.

2009இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இங்கிலாந்து மருத்துவர் இருவர் ஒரு நிகழ்வைப் பதிவு செய்தனர். நிறைமாதத்தை நெருங்கிய பெண்ணொருவர் அசைவு குறைந்ததை உணர்ந்தும், வீட்டிலிருந்த டாப்ளரில் துடிப்பைக் கேட்டு அமைதியடைந்திருந்தார். மருத்துவமனைக்கு வந்தபோது குழந்தை உயிருடன் இல்லை. அவர் கேட்டது தம் நாடியையோ நஞ்சுக்கொடியின் ஓட்டத்தையோ ஆகலாம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் இக்கருவிகளை வீட்டில் பயன்படுத்த வேண்டாம் என்று 2014இல் அறிவுறுத்தியது.

லேக் மார்க்கெட் வீட்டின் கதை அப்படி முடியவில்லை. மருத்துவமனையில் என்.எஸ்.டி. பரிசோதனைக்காக வயிற்றில் இரு பட்டைகளைக் கட்டினார்கள். காகிதத்தில் 140ஐ ஒட்டி ஒரு கோடு ஏறியிறங்கி ஓடத் தொடங்கியது. இருபதாம் நிமிடத்தில் ஓர் உதை. கூடவே கோடு மேலெழுந்தது. அவள் அழுதாள். "வந்தது சரி. நாளையும் இப்படி என்றால் நாளையும் வாருங்கள்," என்று மட்டும் மருத்துவர் சொன்னார். வீணாக வந்துவிட்டோமோ என்ற கூச்சம் அந்தச் சொல்லில் கரைந்தது.

திரும்பும் வழியில் அவளை உறுத்தியது கருவியின் பிழையன்று. உதை குறைந்ததை அவள் உடல் காலையிலேயே சரியாகக் கேட்டிருந்தது. அந்தச் செய்தியை மறுப்பதற்காகவே மாலையில் அவள் கருவியை எடுத்தாள். கிடைத்த ஒலியில் வேண்டிய பொருளை இட்டு நிரப்பியவள், பிறருக்கு வாரனின் சோதனையைக் கற்பித்தவள்தான். படிப்பு அச்சத்துக்குக் காவலாகவில்லை. ஒரு குழந்தையை இழந்தவளிடம் அமைதியாகக் காத்திரு என்று சொல்வதும் எளிதன்று. அந்த வெற்றிடத்தில்தான் இக்கருவிகள் விற்பனையாகின்றன.

அன்றிலிருந்து இரவு பத்து மணிக்கு மின்விசிறி நிற்கவில்லை. அவள் இடப்பக்கம் சாய்ந்து படுத்து, வயிற்றில் கைவைத்து அசைவுக்காகக் காத்திருப்பாள். சப்தமியன்று பந்தலில் டாக் முழங்கியபோது உள்ளிருந்தும் உதைகள் வந்தன. அது மேளத்துக்கு மறுமொழிதான் என்று எழுதிவிட அவளுக்கு ஆசை. ஆய்வாளர் மனம் தடுத்தது. நவம்பரில் மகன் பிறந்தான். பெரியம்மாவின் கணக்கு பொய்த்தது.

ஆறு மாதம் கழித்து, கருவுற்றிருந்த தோழி ஒருத்தி அந்தக் கருவியை இரவல் கேட்டாள். அவள் மறுக்கவில்லை, மறுத்தால் இணையத்தில் புதிது வாங்குவாள் என்று தெரியும். பெட்டிக்குள் ஒரு சீட்டை மட்டும் எழுதி வைத்தாள்: "கேட்கும்போது உன் நாடியையும் பிடி. அசைவு குறைந்தால் இதைத் திறக்காதே. நேரே மருத்துவமனைக்குப் போ."