‘டிக்’ சத்தம் போதவில்லை

பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பும்போது மட்டும் என் ஹைபிரிட் காரின் இன்ஜின் திணறும். மற்ற நேரத்தில் ஒரு குறையும் இருக்காது. பிறகு இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனரில் பி0496. வேண்டாத நேரத்தில் பெட்ரோல் ஆவி இன்ஜினுக்குள் போகிறது என்று அர்த்தம்.

டேங்கில் எழும் ஆவியைக் கரி நிரப்பிய கேனிஸ்டர் பிடித்து வைக்கும். பர்ஜ் வால்வு திறக்கும்போது இன்ஜின் அதை இழுத்து எரித்துவிடும். கரண்ட் இல்லாதபோது அந்த வால்வு இறுக மூடியிருக்க வேண்டும்.

சாதாரணக் காரென்றால் ஐடிலிங்கில் ஹோஸைக் கழற்றி விரல் வைத்தாலே உறிஞ்சுவது தெரிந்துவிடும். ஹைபிரிடில் வண்டி நின்றால் இன்ஜினும் நின்றுவிடுகிறதே! அதனால் வால்வையே கழற்றினேன். 12 வோல்ட் கொடுத்தேன், ‘டிக்’ என்றது. நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிட்டேன். அந்தச் சத்தம் காயில் வேலை செய்வதை மட்டும்தான் சொல்கிறது. கரண்ட்டை எடுத்துவிட்டுக் கைப்பம்பால் காற்றடித்துப் பார்த்தபோது தாராளமாகப் போனது. உள்ளே கரித்துகள்.

பெட்ரோல் பங்க்கில் பம்ப் தானாக நின்ற பிறகும் “ரவுண்டா போடுங்கண்ணா” என்று சொல்வது என் பழக்கமாக இருந்தது. வழியும் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் போனால் கரி பாழாகும். கேனிஸ்டரையும் சேர்த்தே மாற்றினேன். இப்போது பம்ப் நின்றதும் “போதும்ணா” என்றுவிடுகிறேன்.