தீவகத்து வழியும் மண்ணெண்ணெய்க் கார்களும்

யாழ்ப்பாண நகரைவிட்டுப் பண்ணைத் தாம்போதியின்மீது மேற்கு நோக்கிச் செல்வாரை முதலில் எதிர்கொள்வது காற்று. இருமருங்கும் ஆழமற்ற பரவைக்கடல். மண்டைதீவுச் சந்தியைக் கடந்து வேலணையை அடைந்தால், ஒரு வழி ஊர்காவற்றுறைக்கும், மற்றொரு வழி புங்குடுதீவினூடாகக் குறிகட்டுவான் துறைக்கும் செல்லும். அத்துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேற வேண்டும்.

இவ்வழியே செல்லும் அன்பர்கள் நயினை நாகபூசணி அம்மனைத் தரிசிப்பர், நாகவிகாரையைக் காண்பர், நெடுந்தீவின் குதிரைகளையும் முருகைக்கல் வேலிகளையும் கண்டு வியப்பர். நாம் ஈண்டுக் கூறப்புகுவது இவை பற்றியன்று. உப்புக்காற்றுத் தின்று எஞ்சிய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்களைப் பற்றியே சில கூற விரும்புகின்றோம்.

1990ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. அவ்வாண்டிலேயே போர் தீவகத்தையும் சூழ்ந்தமையால், அங்குள்ளோரிற் பெரும்பாலோர் குடாநாட்டுக்கு இடம்பெயர்ந்தனர். ஊர்காவற்றுறையைச் சேர்ந்த நம் குடும்பமும் அவ்வாறு வந்தது. பெரியப்பாவின் ஏ-40 காரும் உடன் வந்தது. நாம் அப்போது பள்ளிச் சிறுவர்.

பெற்றோலில் ஓடவேண்டிய அக்காரை மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை அந்நாளில் யாழ்ப்பாணமே கற்றுக்கொண்டது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் குளிர்ந்த எஞ்சின் அதனை ஏற்பதில்லை. ஒரு சிறு போத்தலிற் பொன்போற் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்குவர். அது சூடேறியபின் மண்ணெண்ணெயைத் திறந்துவிடுவர். கார் இருமும், வெண்புகை கக்கும், பின்னர் ஒருவாறு நகரும். எரியாத எண்ணெய் கீழிறங்கி எஞ்சினின் மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யுமாதலால், அதனையும் அடிக்கடி மாற்ற வேண்டும். காற்றையும் எரிபொருளையும் அதிகம் அழுத்தாத பழைய எஞ்சின்களே இத்துன்பத்தைத் தாங்கின. புதிய கார்கள் கொட்டிலில் உறங்க, கிழட்டுக் கார்கள் வீதியில் ஓடிய விந்தையின் காரணம் இதுவே.

மண்ணெண்ணெயில் ஓடும் காரை உலகின் பெருந்தொழிற்சாலை ஒன்றும் முன்னரே சோதித்திருந்தது. அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பனி 1963ஆம் ஆண்டில் டர்பைன் கார் ஒன்றை வெளியிட்டது. அதன் மேனியை இத்தாலியின் தூரின் நகரிலுள்ள கியா நிறுவனத்தார் அமைத்தனர். ஆகாய விமானத்துச் சுழலியைப் போன்றது அதன் எஞ்சின். காற்றை உள்ளிழுத்து அழுத்தி, அதில் எரிபொருளை எரித்து, எழும் வெம்மையான வாயுவினாற் சுழலிகளைச் சுற்றச் செய்வது. ஒரு சுழலி காற்றை அழுத்தும், மற்றொன்று சக்கரங்களை உருட்டும். ஏறியிறங்கும் பிஸ்டன் அதில் இல்லை. அதன் வலு 130 குதிரைவலு. டீசலையும் மண்ணெண்ணெயையும் அது ஒன்றுபோல் ஏற்றது.

அக்கம்பனியார் 50 கார்களை 203 பேருக்கு, ஒருவருக்கு மூன்று மாதமாக, 1966ஆம் ஆண்டு வரை இரவலாகக் கொடுத்தனர். அவை யாவும் கூடிப் பத்து இலட்சம் மைலுக்கு மேல் ஓடின. ஓட்டியவர்களின் அனுபவங்களைக் கம்பனியார் கேட்டுப் பதிவு செய்தனர். எரிபொருட் செலவும் உற்பத்திச் செலவும் மிகுந்தமையால் அவ்வகைக் கார் சந்தைக்கு வரவில்லை. முன்மாதிரிகளையும் சேர்த்துச் செய்யப்பட்ட 55 கார்களில் ஒன்பதே இன்று எஞ்சியுள்ளன, ஏனையவை அழிக்கப்பட்டன. ஆயினும், அக்கார் தம் வீட்டு வாயிலில் நின்ற நாட்களை அக்குடும்பங்கள் மறந்தில. தந்தை ஓட்டியதை மக்கள் பேசினர்.

அச்சோதனைக்கு மனுச்செய்து காத்திருந்தவர் பல்லாயிரவர். நம்மவரோ மனுச்செய்யாமலே சோதனைக்குள் அகப்பட்டனர். அங்கே எண்ணெய் தீர்ந்தால் மீண்டும் நிரப்பலாம். இங்கே காருக்கு ஊற்றிய ஒவ்வொரு போத்தலும் வீட்டு விளக்கிலிருந்து எடுத்த போத்தல். ஜாம் போத்தலில் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த விளக்கில் மாணவர் படித்த காலம் அது. ஒருநாள் இரவு அயல்வீட்டுப் பெண்ணொருத்திக்குப் பிரசவ வேதனை கண்டது. பெரியப்பா விளக்குகளை அணைத்து, அவற்றிலிருந்த எண்ணெயையும் காருக்கு ஊற்றிப் புறப்பட்டார். இருட்டிலிருந்த எம்மிடம் பெரியம்மா சொன்னார்: “இண்டைக்குப் படிச்சது காணும். அந்தப் பிள்ளை நல்லபடியாப் பிறக்கட்டும்.” பிள்ளை நல்லபடியே பிறந்தது. மறுநாட் பரீட்சையை நாம் எவ்வாறு எழுதினோம் என்பதை ஒருவரும் கேட்டிலர்.

இன்று தீவகத்துக்கு வேறொரு சுழலி பற்றிய ஏற்பாடு உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றினாலும் வெயிலினாலும் மின்சாரம் ஆக்குவதற்கான உடன்படிக்கை, இந்திய அரசின் நன்கொடையுடன், 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் கைச்சாத்திடப்பட்டது. காற்றின் பங்கு 530 கிலோவாற்று. சூரிய ஒளியின் பங்கு 1,700 கிலோவாற்று. டீசல் எஞ்சின், துணையாக மட்டும் நிற்பதற்குரியது. எண்ணெய்க்காகத் தவித்த மக்களுக்கு இதன் பெறுமதியை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால், அத்தவிப்பை அறிந்த முதியோர் நாளுக்குநாள் குறைகின்றனர். பலர் கடல் கடந்தும் சென்றுவிட்டனர். டெற்றோயிற்றுப் பொறியியலாளர் தம் காரை ஓட்டிய குடும்பங்களைத் தேடிச்சென்று கேட்டறிந்தனர். நம் மெக்கானிக்குமாரையும் சாரதிகளையும் அவ்வாறு கேட்டவர் மிகச் சிலரே. எத்துணைத் துளி பெற்றோல் போதுமாயிற்று, எந்தக் கார் எத்துணைத் தூரம் தாங்கிற்று, எந்த இரவில் எவரை ஏற்றிச் சென்றது என்பன அவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. விடுமுறைக்குத் தீவகம் செல்லும் இளைஞர்கள், கோயிலுக்கும் கடற்கரைக்கும் போய்வந்தபின், ஒரு மாலைப்பொழுது வீட்டு முதியவரின் அருகிலமர்ந்து இவற்றைக் கேட்டு எழுதி வைப்பார்களாக. அதற்கு ஓர் அப்பியாசக் கொப்பி போதும்.