வீட்டை மறவாத வீரம்

நுழையும்முன்

வீரம் என்றதும் வாளும் வேலும் நம் நினைவுக்கு வருகின்றன. போர்க்களத்தை நேரில் கண்ட ஆங்கில எழுத்தாளர் ஒருவரோ, அடுப்பின் வெதுவெதுப்பையும் வேளைக்கு உணவையும் விரும்பும் ஒருவரைத் தம் கதைத்தலைவர் ஆக்கினார். அக்கதை நம்மை ஈர்ப்பது எதனால்?

வெற்றுத்தாளில் பிறந்த கதை

ஆக்சுபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் ஒருநாள் தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒன்றில் எழுதப்படாத பக்கம் ஒன்றைக் கண்டு, நிலவளையில் வாழும் 'ஹாபிட்' பற்றி அதில் ஒரு தொடர் எழுதினார். அத்தொடரே வளர்ந்து, 1937இல் 'தி ஹாபிட்' என்னும் மிகுபுனைவுப் புதினமாக வெளிவந்தது.

ஹாபிட்டுகள் மனிதரில் பாதி உயரமே உடையவர்கள். உண்பதிலும் விருந்தோம்புவதிலும் பெருவிருப்பம் கொண்டவர்கள். கதைத்தலைவர் பில்போ பேகின்சின் வளைவீட்டுக்கு வட்டமான பச்சைக் கதவு. உள்ளே உணவுப்பண்டங்கள் நிறைந்த அறைகள். அங்கு அமைதியாக வாழும் 50 வயதுப் பில்போவைத் தேடி, கேண்டால்ஃப் என்னும் மந்திரவாதியும் 13 குள்ளர்களும் வருகின்றனர். ஸ்மாக் என்னும் டிராகன் கவர்ந்துகொண்ட செல்வத்தை மீட்கத் துணைவருமாறு அழைக்கின்றனர். மறுநாள் அவர், கைக்குட்டையைக்கூட எடுக்க மறந்து, ஓடிச்சென்று அவர்களோடு சேர்கிறார்.

அஞ்சியும் நடந்தவர்

மழையில் நனையும்போதும் பசியால் வாடும்போதும் பில்போ தம் வீட்டையே எண்ணி ஏங்குகிறார். அந்த ஏக்கமே அவரை நமக்கு நெருக்கமாக்குகிறது. பிறவி வீரரைக் கண்டு நாம் வியக்கிறோம். பில்போவிடமோ நம்மையே காண்கிறோம்.

டிராகனை வீழ்த்துபவர் அவர் அல்லர். பார்ட் என்னும் வில்லாளரே. பில்போவின் வீரம் வேறு வகையானது. இருண்ட சுரங்கப் பாதையில் டிராகனின் குறட்டை கேட்கிறது. அவர் தயங்கி நிற்கிறார். பின்னர்த் தனியே முன்னேறுகிறார். காண்பார் எவருமில்லை, அச்சத்தை அங்கேயே வென்றுவிடுகிறார்.

டிராகன் மடிந்தபின் செல்வத்துக்காகப் போர் மூளும் நிலை உருவாகிறது. குள்ளர் தலைவர் தோரின் உயிரெனக் கருதிய ஒளிமணி பில்போவின் கையில் இருக்கிறது. அமைதியை நாடி, அதனை அவர் எதிர்த்தரப்பினரிடம் கொடுத்துவிடுகிறார்; நண்பரின் சினத்துக்கும் ஆளாகிறார். பொன்னைக் குவிப்பதினும் உணவும் மகிழ்ச்சியும் பாடலும் மேலானவை என்பதைத் தோரின் இறக்கும் தறுவாயிலேயே உணர்கிறார்.

இழப்பறிந்த எழுத்து

டோல்கீன் முதல் உலகப்போரில் சோம் போர்க்களத்தில் பணியாற்றியவர். பள்ளிநாள் முதல் பழகிய நண்பர் நால்வருள் அவரும் ஒருவர். மற்ற மூவருள் இருவரை 1916இல் போர் கொண்டுபோயிற்று. எளிய இல்வாழ்வின் அருமையை அவருடைய எழுத்து அறிந்திருப்பதில் வியப்பில்லை.

பில்போ ஊர் திரும்புகையில், அவர் இறந்துவிட்டதாகக் கருதி அவருடைய பொருள்களை ஏலம் விட்டுக்கொண்டிருக்கின்றனர். தம் பொருள்கள் பலவற்றை அவரே விலைகொடுத்து மீட்க நேர்கிறது. ஊரார் மதிப்பும் குறைந்துவிடுகிறது. ஆயினும் அவர் வருந்தவில்லை. தேநீருக்காக அடுப்பில் கொதிக்கும் நீரின் ஒலி, முன்னினும் இனிதாக அவருக்குக் கேட்கிறது.