மீன்களின் ஹக்கும் நம் அமானிதமும்



வீட்டில் மீன் தொட்டி வைப்பதைப் பற்றி ஒரு மதரஸா ஆசிரியன் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒரு நாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் என் 12 வயது மகன் கேட்ட கேள்வி அந்த எண்ணத்தை மாற்றியது.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மண்டபம் சென்றிருந்தோம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையிடம் ஒரு காலத்தில் அங்கேதான் இருந்தது. தலைமையிடம் பின்னர் கொச்சிக்குச் சென்றாலும் மண்டபத்தில் மண்டல மையம் இன்றும் இயங்குகிறது. அங்குள்ள காட்சியகத்தில் ஆரஞ்சு நிற உடலில் வெள்ளைப் பட்டைகளோடு நீந்திய கோமாளி மீனைக் கண்டு மகன் அசையாமல் நின்றுவிட்டான். பிள்ளைகள் ‘நீமோ’ என்று அழைக்கும் மீன் அது. “அத்தா, இது நம்ம வீட்டுல வளருமா?” என்றான். அம்ம ஜுஸ்உவை முழுமையாக மனனம் செய்தால் கடல்நீர்த் தொட்டி வைத்துத் தருவதாக வாக்களித்தேன். மூன்றே மாதத்தில் ஓதிக் காட்டிவிட்டான். வாக்கை நிறைவேற்றும் அவசரத்தில்தான் நான் தவறினேன்.

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டி வாங்கினோம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 190 லிட்டர். கடல் உப்புக் கலவையைக் கரைத்து நிரப்பிய மறுவாரமே மூன்று நீல டாம்செல் மீன்களை விட்டேன். அவை விலை குறைந்தவை, எதையும் தாங்குபவை, தொட்டியைப் பக்குவப்படுத்தித் தருபவை என்று கேள்விப்பட்டதை மேற்கொண்டு விசாரிக்காமல் ஏற்றுக்கொண்டேன். ஒன்று மூன்றாம் நாளே இறந்தது. மற்ற இரண்டும் பிழைத்துக் கற்குவியலைத் தமதாக்கிக்கொண்டன. இரண்டு மாதம் கழித்து, மகன் ஆசைப்பட்ட கோமாளி மீனை வாங்கி வந்து விட்டோம்.

முதல் நாளே டாம்செல்கள் அதைத் துரத்தத் தொடங்கின. பழகிவிடும் என்றேன். மூன்றாம் நாள் அதன் வால் கிழிந்திருந்தது. வடிகட்டியின் குழாய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உணவுக்கும் வெளியே வரவில்லை. ஐந்தாம் நாள் ஃபஜ்ருக்குப் பின் விளக்கைப் போட்டபோது மணலில் கிடந்தது.

மகன் அழவில்லை. “அத்தா, இதக் கொன்னது அந்த நீல மீனா, நாமளா?” என்று கேட்டான்.

அதற்கு முந்தைய வாரம்தான் மதரஸாவில், ஒரு பூனையைக் கட்டிவைத்து உணவளிக்காமலும், தானே இரைதேட விடாமலும் சாகவிட்ட பெண் தண்டிக்கப்பட்ட செய்தியைப் பாடமாக நடத்தியிருந்தேன். புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் இடம்பெற்ற ஹதீஸ் அது. அந்தப் பாடத்தில் என் மகனும் அமர்ந்திருந்தான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை, சொல்ல முடியவில்லை.

இதைப் பள்ளிவாசல் திண்ணையில் ஒரு பெரியவரிடம் சொன்னேன். “மீன்தானே ஹஜ்ரத், வாராவாரம் குழம்பு வச்சுத் திங்கிறோம். இதுக்குப் போய் வருத்தப்படலாமா?” என்றார். கடல் உணவை அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியிருக்கிறான் என்பதில் ஐயமில்லை. ஆயினும் உண்பதற்கு அனுமதி இருப்பது வேறு, வதைப்பதற்கு அனுமதி இருப்பது வேறு. கோழியும் நமக்கு ஹலால்தான். ஆனால் ஒரு கோழியைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடியவர்களை இப்னு உமர் (ரலி) கண்டித்தார்கள். உயிருள்ளதை இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் சபித்ததை எடுத்துச் சொன்னார்கள். மறுபுறம், அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சிறு பறவையை வளர்த்தபோது நபியவர்கள் அதைத் தடுக்கவில்லை; அன்போடு அதைப் பற்றி விசாரித்தார்கள். ஆகவே, வளர்ப்பது கூடும். வளர்ப்பதன் ஹக்கை நிறைவேற்றுவது கடமை. மீனின் ஹக் என்ன என்பதை நான் முதலில் அறிந்திருக்க வேண்டும்.

மதரஸாவில் என்னோடு ஓதிய நண்பர் ஒருவர் கீழக்கரையில் இருக்கிறார். அவருடைய அண்ணன் பல்லாண்டுகள் சங்கு குளித்தவர். தொலைபேசியில் நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்னது இதுதான்: “அந்தச் சின்ன மீன் கடல்லயும் அப்படித்தான் ஹஜ்ரத். தன் பாறைப் பக்கம் வர்றத எல்லாம் விரட்டும். ஆனா விரட்டுப்பட்ட மீனுக்கு ஓடிப்போக அங்க கடல் கெடக்கு. உங்க கண்ணாடிப் பெட்டியில அது எங்க போகும்?”

அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம், பூமியில் நடமாடும் உயிரினங்களும் இறக்கைகளால் பறக்கும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று உணர்த்துகிறது. எத்தனையோ முறை அதற்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். சமுதாயம் என்றால் அதற்கென்று இருப்பிடம், உணவு, நட்பு, பகை எல்லாம் உண்டு என்பதை அந்தத் தொலைபேசிப் பேச்சில்தான் விளங்கிக்கொண்டேன். நாம் நிறத்தைப் பார்த்து மீன் வாங்குகிறோம். அதன் குணத்தை யாரும் கேட்பதில்லை.

அதன்பின் மகனும் நானும் ஒரு குறிப்பேடு தொடங்கினோம். எந்த மீனையும் வாங்குமுன் அதன் வளர்ந்த அளவு, உணவு, குணம், அதற்குத் தேவையான இடம் ஆகிய நான்கையும் எழுதுவது என்று முடிவு செய்தோம். கற்றவற்றுள் முக்கியமானவற்றைப் பகிர்கிறேன். உங்கள் வீட்டிலும் பிள்ளைகள் கேட்கக்கூடும்.

முதலில் பொறுமை. மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அம்மோனியாவாக மாறும். அது மீனுக்கு நஞ்சு. கல்லிலும் மணலிலும் வளரும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும், பிறகு கேடு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அவை பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் எந்த உயிரையும் விடக்கூடாது. சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டிய பின்னரே மீன். என் முதல் டாம்செல் இறந்தது அந்த அவசரத்தால்தான்.

அடுத்து, யாரோடு யார் என்பது. களவா, சிங்க மீன் போன்றவை வாய்க்குள் அடங்கும் மீனை விழுங்கிவிடும். கிளாத்தியும் பேத்தையும் இறால், நண்டு, சிப்பிகளை விடா. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல பவளத்தின் உயிர்ப்பகுதியையே உண்பவை. தொட்டியில் பட்டினி கிடந்து மடியும். மாண்டரின் மீன் கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் கற்களில் ஊரும் மிக நுண்ணிய உயிர்களைத்தான் நாள் முழுவதும் தேடித் தின்னும். புதிய தொட்டியில் அவை போதுமான அளவு இரா. நீல டாங் மீன் ஓரடி வரை வளரும். 3 அடித் தொட்டி அதற்குச் சிறை.

கோமாளி மீன்களிலும் ஓர் ஒழுங்கு உண்டு. அவை எல்லாம் ஆணாகவே பிறக்கின்றன. கூட்டத்தில் வலியது பெண்ணாக மாறுகிறது. எனவே ஒரே இனத்தில், ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இரண்டை விட்டால் இணையாகிவிடும். மூன்றாவதாக ஒன்றை விட்டால் அது துன்புறும். கடல் சாமந்தி இல்லாமலும் அவை நலமாக வாழும். புதியவர்கள் சாமந்தியை வளர்க்க முயன்றால் அதுதான் மடியும். இயன்றவரை பொரிப்பகத்தில் பிறந்த மீனையே கேட்டு வாங்குங்கள். மண்டபம் மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டியிருக்கின்றன. சில நாடுகளில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கப்படும் மீன்களும் சந்தைக்கு வருகின்றன. அந்த நஞ்சு பவளப் பாறையையும் கொல்கிறது.

விடும் வரிசையும் முக்கியம். கூச்சமும் சாதுவான குணமும் உள்ளவை முதலில், இடத்துக்குச் சண்டையிடுபவை கடைசியில். நான் செய்தது நேர்மாறு. புதிய மீனை நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பதும் அவசியம். வெண்புள்ளி நோய் வந்துவிட்டால் செம்பு மருந்து தேவைப்படும். அதைப் பெரிய தொட்டியில் ஊற்றினால் இறால்கள் இறந்துவிடும்.

பவளம் வளர்க்கும் ஆசையை நாங்கள் கைவிட்டோம். கடினப் பவளங்கள், கடல் விசிறிகள், கடல் குதிரைகள், கடல் அட்டைகள் ஆகியவை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. செத்த பவளக் கல்லைக் கடலிலிருந்து எடுப்பதும் குற்றமே. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அங்குள்ள 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. அர்ரஹ்மான் அத்தியாயத்தில் முத்தோடு சேர்த்து அல்லாஹ் தன் அருட்கொடையாகக் குறிப்பிடும் மர்ஜானுக்குப் பவளம் என்றும் பொருள் கூறப்படுகிறது. அதை ஓதுகிற நாம் அதைத் திருட்டு வழியில் வாங்கி வீட்டில் வைக்கலாகாது. எங்கள் தொட்டியில் இருப்பவை சுட்ட மண்ணாலான செயற்கைக் கற்கள்தாம்.

நம் பகுதியின் வறட்சி பட்டாசுத் தொழிலுக்கு நல்லது, தொட்டிக்கு அன்று. சிவகாசி வெயிலில் தொட்டி நீர் வேகமாக வற்றுகிறது. வற்றுவது நீர் மட்டுமே; உப்பு தங்கிவிடும். எனவே குறைந்த அளவுக்கு உப்பு நீரை ஊற்றாமல் ஆர்.ஓ. நீரையே ஊற்ற வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு, 25 முதல் 27 பாகை வெப்பம் என்பது அளவு. மேலே ஒரு சிறு மின்விசிறி வைத்தால் சூடு சில பாகை குறையும். மின்வெட்டுக்குப் பேட்டரியில் ஓடும் காற்றுக் குழாய் கையிருப்பில் இருக்கட்டும்.

கற்களை எல்லாம் வெளியே எடுத்தால்தான் அந்த டாம்செல்களைப் பிடிக்க முடிந்தது. ஊருக்குள் பெரிய தொட்டி வைத்திருப்பவர் ஒருவர் பெற்றுக்கொண்டார். அவற்றின் மீது எனக்குக் கோபமில்லை. அல்லாஹ் அவற்றுக்கு அளித்த இயல்புப்படி அவை நடந்துகொண்டன. சேர்த்து வைத்தவன் நான். வேண்டாத மீனைக் கடலில் விடுவதும் கூடாது. அது நோயையும் அந்நிய இனத்தையும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்த அந்த மீன் எனக்கு இன்னொரு முகத்தையும் நினைவூட்டியது. பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் ஒரு தாயின் ஒரே மகன், மதரஸாவில் புதிதாகச் சேர்ந்திருந்தான். ஐந்தாண்டு ஓதிய பிள்ளைகளின் வரிசையில் அவனை அமர்த்தினேன். நாள் செல்லச் செல்லச் செருப்பு வைக்கும் ஓரத்துக்கு நகர்ந்து, ஒரு மாதத்தில் நின்றுவிட்டான். ஓதுவதில் நாட்டமில்லாத பையன் என்று நானாக முடிவு செய்து பெயரை அடித்துவிட்டேன். மீன் இறந்த வாரம் அஸருக்குப் பின் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் எழுத்துக் கூட்டி ஓதுவதைப் பெரிய பிள்ளைகள் நாள்தோறும் கேலி செய்திருக்கிறார்கள். என் கண்ணெதிரே நடந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை. இப்போது புதியவர்களோடு அமர்த்தியிருக்கிறேன். இன்னும் குரல் மெதுவாகத்தான் வருகிறது. ஆனால் வருகிறான்.

தொட்டி ஆறு வாரம் வெறுமையாக இருந்தது. பிறகு ஒரு கோபி மீனும் அதன் துணையான சொடுக்கு இறாலும் வந்தன. இறாலுக்குப் பார்வை மங்கல். அது மணலில் வளை தோண்டும். கோபி வாசலில் காவல் நிற்கும். இறாலின் மீசை எப்போதும் மீனின் உடலைத் தொட்டபடி இருக்கும். ஆபத்து என்றால் மீன் வாலை அசைக்கும், இரண்டும் உள்ளே போய்விடும். இறால் கொடுக்கைச் சொடுக்கும் ஓசை பொட்டு வெடி போல வெளியே கேட்கிறது. அடுத்து, சிவந்த வாலுடைய நெருப்பு மீன் ஒன்று வந்தது. திடுக்கிட்டால் தொட்டிக்கு வெளியே துள்ளிவிடும் இயல்புடையது. தீபாவளி நெருங்கும் நம் ஊரில் கேட்கவே வேண்டாம். அதனால் முதலிலேயே வலைமூடி போட்டோம். கடைசியாகக் கோமாளி மீன் இணை வந்தது. நான்கு மீன்கள், ஓர் இறால். இதற்கு மேல் வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம்.

சென்ற வாரம் மகன் எங்கோ நீல டாங் மீனைக் கண்டு ஆசைப்பட்டான். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போனான். சிறிது நேரம் கழித்துப் பார்த்தேன். நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதி, கீழே தன் கையெழுத்தில், “நம்ம தொட்டி இதுக்குப் பத்தாது” என்று எழுதியிருந்தான்.

அன்று அவன் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் பதில் சொன்னேன். “அந்த மீன் செத்ததுக்கு நீல மீன் காரணமில்லை, நீயும் இல்லை. கேட்டுத் தெரிஞ்சுக்காம வாங்கிட்டு வந்த அத்தாதான் காரணம்” என்றேன். தலையசைத்துவிட்டு மீன்களுக்கு உணவு போடப் போனான்.

வல்ல அல்லாஹ் என் பிழையைப் பொறுத்தருள்வானாக. நம் கையில் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளின் ஹக்கையும், நாமே விரும்பி வீட்டுக்குக் கொண்டுவந்த உயிர்களின் ஹக்கையும் அறிந்து நிறைவேற்றும் பாக்கியத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.