கடைசியாக மேடையேறியவர்கள்

அண்ணன் அந்த லிங்க்கை அனுப்பியது 2018இல். கூடவே ஒரு வரி: "தம்பி, ஹெட்செட் போட்டுட்டுப் பாரு." நான் பார்க்கவில்லை. அவருடைய மெசேஜைத் திறக்கவே அப்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

போன மாதம் ஒரு ரிலீஸ் இரவு. டேட்டாபேஸ் மைக்ரேஷன் ஓடிக்கொண்டிருந்தது. கம்பி கம்பியாக நகரும் லாகை வெறித்துப் பார்ப்பதைத் தவிர மூன்று மணி நேரத்துக்கு வேறு வேலை கிடையாது. பழைய மெசேஜ்களை மேலே தள்ளிக்கொண்டே போனபோது அந்த லிங்க் கண்ணில் பட்டது. அழுத்தினால் திறக்கவில்லை, செத்துப்போயிருந்தது. என்ன வீடியோ என்று தலைப்பை வைத்துத் தேடியதில் முழுப் படமுமே கிடைத்துவிட்டது. 'தி டாமி ஷோ'. 1964. கருப்பு வெள்ளை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

கதை எல்லாம் இல்லை. அந்த வருஷம் அக்டோபர் 28, 29 தேதிகளில் கலிபோர்னியாவில், சாண்டா மோனிகா சிவிக் ஆடிட்டோரியத்தில் நடந்த கச்சேரியைப் படம் பிடித்து டிசம்பர் கடைசியில் தியேட்டருக்கு விட்டார்கள், அவ்வளவுதான். உள்ளூர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவச டிக்கெட். ஆரம்பம் முதல் கடைசிவரை அந்தப் பிள்ளைகள் கத்துகிறார்கள். முதல் பத்து நிமிஷம் எரிச்சலாக இருந்தது. பிறகு அந்தக் கூச்சலும் ஒரு வாத்தியம் மாதிரி ஆகிவிட்டது. தொகுப்பாளர்கள் ஜான் அண்ட் டீன். தொடக்கப் பாட்டில் ரோலிங் ஸ்டோன்ஸை லிவர்பூல்காரர்கள் என்று பாடுகிறார்கள். அவர்கள் லண்டன்காரர்கள். புரொடக்‌ஷனுக்குப் போய்விட்ட பக், அறுபது வருஷமாக அப்படியே இருக்கிறது.

ஆட்களின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். சக் பெரி, ஸ்மோக்கி ராபின்சன், மார்வின் கே, சுப்ரீம்ஸ், பதினெட்டு வயது லெஸ்லி கோர், பீச் பாய்ஸ். (பீச் பாய்ஸ் பகுதியை அவர்கள் தரப்பே கேட்டு பின்னால் வந்த பிரிண்ட்களிலிருந்து வெட்டிவிட்டார்கள். 2010இல் டிவிடி வந்தபோதுதான் முழுசாகத் திரும்பியது.) பக்கவாத்தியக் குழுவில் லியோன் ரசல், க்ளென் கேம்பல். பின்னால் ஆடும் பெண்களில் ஒருவர் டெரி கார், இன்னொருவர் டோனி பேசில். யாரும் அன்றைக்கு 'கிளாசிக்' இல்லை. சின்னப் பையன்கள், சின்னப் பெண்கள். மேடையில் கறுப்பர்களும் வெள்ளையர்களும் மாறி மாறி வருகிறார்கள். இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சிவில் உரிமைச் சட்டத்தில் அமெரிக்க ஜனாதிபதி கையெழுத்திட்டு அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை.

எடுத்த விதமும் என் போன்ற ஆட்களுக்குப் பிடிக்கக்கூடியது. எலக்ட்ரானோவிஷன் என்று ஒரு முறை. டிவி கேமரா போல எலக்ட்ரானிக் கேமராக்களில் பிடித்து, பிறகு ஃபிலிமுக்கு மாற்றுவது. அதே வருஷம் ரிச்சர்ட் பர்ட்டனின் 'ஹாம்லெட்' நாடகத்தை இப்படித்தான் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். இயக்குநர் ஸ்டீவ் பைண்டர் பல கேமராக்களைப் பார்த்துக்கொண்டே, கச்சேரி நடக்கும்போதே எந்த ஷாட் என்று முடிவு செய்கிறார். அந்த நொடியில் எந்தக் கேமராவைத் தேர்ந்தெடுத்தாரோ அதுதான் வரலாறு. மற்றதெல்லாம் போச்சு.

இதில் ஜேம்ஸ் பிரவுன் ஒத்திகைக்கே வரமாட்டேன் என்றுவிட்டாராம். பைண்டர் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதனால் கேமராக்காரர்கள் அந்த மனிதரின் பின்னாலேயே ஓடுகிறார்கள். கட்டம் போட்ட கோட். பளபளக்கும் ஷூ. ஒற்றைக் காலில் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வழுக்கிப்போகிறார். எங்கள் தலைமுறைக்கு இந்தக் கால் தெரியாத கால் இல்லை. மைக்கேல் ஜாக்சன் இவரைப் பார்த்துக் கற்றார், பிரபுதேவா ஜாக்சனைப் பார்த்து. ஆனாலும் ஊற்றைப் பார்ப்பது வேறு. 'ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ்' பாடும்போது முழங்காலில் சரிகிறார். எழ முடியவில்லை. ஒருவர் ஓடிவந்து தோளில் ஒரு மேலங்கியைப் போர்த்தி, முதுகைத் தட்டி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதுபோல ஓரமாக அழைத்துப் போகிறார். நாலு அடி. அங்கியை உதறிவிட்டு மைக்குக்குத் திரும்பி வந்து மறுபடி முழங்காலில் விழுகிறார். மறுபடி அங்கி. மறுபடி உதறல். நாடகம் என்று தெரிகிறது. தெரிந்தும் எனக்குத் தொண்டை அடைத்தது. லாக் பக்கம் நான் பார்க்கவே இல்லை.

ஆனால் கடைசி இடம் அவருக்கு இல்லை, ரோலிங் ஸ்டோன்ஸுக்கு. அமெரிக்காவில் டாப் 10க்குள் அவர்களின் ஒரு பாட்டுகூட அன்றைக்கு நுழைந்திருக்கவில்லை. வந்து முதலில் பாடுவதே சக் பெரியின் பாட்டு. படத்தைத் தொடங்கிவைத்த அதே சக் பெரி! மிக் ஜாகர் பாவம், தன்னால் முடிந்த அளவுக்கு ஆடுகிறார். பிரவுனுக்குப் பிறகு ஏறியது தங்கள் வாழ்க்கையின் பெரிய தப்பு என்கிற மாதிரி கீத் ரிச்சர்ட்ஸ் பின்னாளில் சொன்னார். ஜாகரோ, இரண்டு பகுதிகளையும் எடுத்ததற்கு நடுவில் பல மணி நேரம் இருந்தது, நாங்கள் ஒன்றும் உடனே ஏறவில்லை என்றார். அதே ஜாகர்தான் 2014இல் பிரவுனின் வாழ்க்கைப் படத்துக்குத் தயாரிப்பாளர்களில் ஒருவர். ஐம்பது வருஷம் கழித்தும் அந்த இரவுக்குக் கணக்கு சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. இதைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை.

ஏனென்றால் நானும் கடைசி இடத்தில் ஏறியவன்.

அண்ணன் எங்கள் டீமில் கான்ட்ராக்ட். பாலிடெக்னிக் டிப்ளமா, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இரவு ஜாப்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இரண்டு முறை ஓடிவிடும் பிரச்சினையை மூன்று மாதம் உட்கார்ந்து தீர்த்தவர் அவர். கிளையன்ட்டுக்கு டெமோ என்றதும் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "நீயே பேசிடு. உன் இங்கிலீஷ் நல்லாருக்கு." அண்ணனும் "ஆமா தம்பி, நீ பேசு, எனக்கு வாய் குழறும்" என்றார். ஆக, யாரும் யாரையும் தள்ளிவிடவில்லை.

'நாங்கள்' என்றுதான் ஆரம்பித்தேன். பத்தாவது நிமிஷத்தில் ஒருவர், இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டார். "நான் முதலில் யோசித்தது என்னவென்றால்" என்று என் வாய் சொல்லிற்று. அதுக்கப்புறம் திரும்ப முடியவில்லை. அண்ணன் பின்வரிசையில் லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பெயரைப் போட்டுப் பாராட்டு மெயில் வந்தது. ஒரு வரியில் நன்றி சொல்லிப் பதில் போட்டேன். அதில் இன்னொரு வரி சேர்க்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அந்த வருஷம் எனக்கு பிரமோஷன். எட்டு மாதம் கழித்து அவர் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை.

டெமோ முடிந்த அதே வாரம் வந்த லிங்க் அது. குத்திக்காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் முடிந்த பிறகு பிரவுனைப் பற்றித் தேடி வாசித்தேன். மேடையில் அவருக்குப் பக்கத்தில் மூன்று பேர் பாடி ஆடுகிறார்கள். ஃபேமஸ் ஃப்ளேம்ஸ். அவர்களில் பாபி பேர்ட் என்பவர் இருக்கிறார். ஜார்ஜியா மாநிலத்தில் சிறார் சிறையில் கிடந்த பிரவுன் 1952இல் வெளியே வரப் பொறுப்பேற்றுக்கொண்டது பேர்டின் குடும்பம். குழு பேர்டுடையது, பிரவுன் அதில் வந்து சேர்ந்த ஆள். சில வருஷத்தில் குழுவின் பெயருக்கு முன்னால் பிரவுன் பெயர் ஏறியது. கோபித்துக்கொண்டு பலரும் விலகினார்கள். பேர்ட் பிறகு திரும்பி வந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 1986இல் பிரவுனைத் தனியாகச் சேர்த்துக்கொண்டது. ஃப்ளேம்ஸைச் சேர்த்தது 2012இல். பேர்ட் 2007லேயே இறந்துவிட்டார்.

நான் அதுவரை ஸ்டோன்ஸை மட்டும்தான் என் பக்கம் வைத்திருந்தேன், அண்ணனை பிரவுன் பக்கம். திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இந்த முறை பேர்டை மட்டும். பிரவுன் விழுவதும் எழுவதுமாக இருக்கும்போது, தன்னைக் கேமரா பார்க்கிறதா இல்லையா என்ற யோசனையே இல்லாமல் அந்த மூவரும் அடி பிசகாமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். தெரிவதற்குள் ஷாட் மாறிவிடுகிறது.

விடியற்காலை நாலரைக்கு அண்ணனுக்கு அனுப்பினேன். "அண்ணே, இப்பதான் பாத்தேன்."

ஏழு மணிக்குப் பதில். "எத?"

அவருக்கு ஞாபகமே இல்லை. ஜேம்ஸ் பிரவுன் என்றேன். "அடேய் அதுவா! கூட ஆடுற மூணு பேரையும் பாத்தியா? என்னா டைமிங்கு!" அவ்வளவுதான். குத்தல் ஒன்றும் இல்லை. பிடித்த பாட்டை அனுப்பியிருக்கிறார், வேறொன்றுமில்லை.

அப்புறம்தான் டெமோவைப் பற்றி எழுதினேன். பெரிய மெசேஜ். பிரமோஷன், அந்த மெயில், எழுதாத அந்த ஒரு வரி எல்லாம். வாசித்துவிட்டார் என்று காட்டியது. ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லை. பல் விளக்கிவிட்டு வந்து பார்த்தால் இருந்தது.

"ராத்திரி முழுக்க முழிச்சிருந்தியா? மைக்ரேஷன் முடிஞ்சுதா இல்லியா?"

முடிஞ்சிடுச்சுண்ணே என்றேன்.

"ரெண்டு தடவ ஓடாம செக் பண்ணிக்க" என்றார்.