விடுமுறை நாட்களில் வீட்டில் ஒரு பள்ளி



கோடை விடுமுறை நெருங்கும்போது, பிழைப்புக்காகப் பிற மாநில நகரங்களில் வந்து குடியிருக்கிற நம்முடைய வீடுகளிலெல்லாம் ஒரே கேள்வி எழும்புகிறது: பிள்ளைகளை என்ன செய்வது? இங்கே மும்பையில் மே மாதத் தொடக்கத்தில் அடைக்கப்படும் பள்ளிகள் ஜூன் நடுவில்தான் திறக்கின்றன. ஏறக்குறைய 40 நாட்கள். தகப்பனும் தாயும் வேலைக்குப் போனபின், ஒற்றை அறையில் பிள்ளைக்குத் துணை தொலைக்காட்சியும் கைபேசியும்தான். சபையில் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியோ சில நாட்களில் முடிந்துவிடும். மீதி நாட்களை நானும் டியூஷனுக்கே ஒப்புக்கொடுத்திருந்தேன். கர்த்தர் என் கண்களைத் திறந்த விதத்தை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரு கிறிஸ்துமஸுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலுள்ள எங்கள் கிராமத்துக்குப் போயிருந்தோம். என் தாயாருக்கு இரண்டு கண்களிலும் புரை. காலை ஜெபவேளையில் வேதாகமத்தை, எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடம் நீட்டி, "ஆச்சிக்கு ஒரு சங்கீதம் வாசி, தாயி" என்றார்கள். மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றையும் தடையின்றி வாசிப்பவள், திறந்த பக்கத்தைப் பார்த்தபடியே நின்றாள். "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆச்சி" என்றாள். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. கண்களை மூடி, 23-ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லி முடித்தார்கள். என் மகள் தலை நிமிரவில்லை, நானும் நிமிரவில்லை. அந்நியபாஷை வரத்துக்காக உபவாசித்து ஜெபித்த நான், தாய்பாஷையைப் பிள்ளைக்குக் கொடுக்க நாளொன்றுக்கு அரைமணி நேரமும் ஒதுக்கவில்லையே என்று இருதயத்தில் குத்தப்பட்டேன்.

அடுத்த கோடையில் டியூஷனை நிறுத்தினோம். காலை குடும்ப ஜெபத்துக்குப்பின் அரைமணி நேரம் தமிழ் என்று தீர்மானித்தோம். முதல் வாரம் தவறு என்னுடையது. 247 எழுத்துக்களையும் வரிசையாக எழுதச் சொல்லி, பிழைக்குப் பிழை கடிந்துகொண்டேன். நான்காம் நாள் அவள் அழுதாள். பிள்ளைகளைக் கோபப்படுத்தலாகாது என்று எபேசு சபையாருக்குப் பவுல் எழுதினது எனக்கென்றே எழுதப்பட்டதாக உணர்ந்து, மகளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பின்பு வழியை மாற்றினோம். 12 உயிரையும் 18 மெய்யையும், கால், கொம்பு முதலிய குறிகளையும் கற்றுக்கொண்டால், 216 உயிர்மெய் எழுத்துக்களில் பெரும்பாலானவை தாமே வந்துவிடும். உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் தனிப் பயிற்சி வேண்டும். இந்தி படித்த பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்பதையும் கண்டுகொண்டேன். இந்தியில் நான்கு எழுத்துக்கள் செய்யும் வேலையைத் தமிழில் ஒரே 'க' செய்கிறது. அதற்கு விதி சொல்லிக் குழப்பாமல், நாம் வாசிக்க அவர்கள் கேட்டுத் தொடர்ந்து வாசித்தால் போதும். 'ள' மராத்தியிலும் இருப்பதால் எளிதாக வந்தது. 'ழ' மாத்திரம் பல நாள் போராட்டமாயிற்று.

ஆனால் ஓர் ஆச்சரியத்தையும் கண்டோம். நம்முடைய வேதாகமத் தமிழ் பழையது, பிள்ளைகளுக்குக் கடினம் என்று பயந்திருந்தேன். ஒருநாள் 'கிருபை' என்ற சொல்லை எழுத்துக்கூட்டி வாசித்தவள், "அப்பா, இது கிருபாதானே!" என்று துள்ளினாள். ஜீவன், சத்தியம், ஆத்துமா, வசனம், பிதா என்று தனக்குத் தெரிந்த சொற்களைத் தேடித் தேடிக் கண்டுபிடித்தாள். இந்தி அறிந்த பிள்ளைக்கு வேதாகமத்தின் பாதிக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது, பெற்றோரே!

வீட்டில் உட்காரும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளுக்குப் போதிக்கும்படி உபாகமம் 6-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. ஆகவே அரிசி, பருப்பு டப்பாக்களில் அவளே தமிழில் பெயர் எழுதி ஒட்டினாள். காய்கறிப் பட்டியலை என் மனைவி சொல்ல, அவள் எழுதினாள். கடையில் கணக்கையும் அவளே கூட்டினாள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இதைக் கேட்டதும், ஐந்து வயது மகனும் தட்டில் அரிசியைப் பரப்பி 'அ' எழுதத் தொடங்கினான்.

பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு, அவள் தொலைபேசியில் ஆச்சிக்கு 117-ஆம் சங்கீதத்தை வாசித்தாள். சங்கீதங்களில் மிகச் சிறியது அது, இரண்டே வசனங்கள். இரண்டு இடங்களில் தடுமாறினாள். மறுமுனையில் சற்று நேரம் சத்தமில்லை. பிறகு, "இன்னொரு விசை வாசி, தாயி" என்ற குரல் கேட்டது.

மறுநாள் முதல், ஒன்றாம் சங்கீதத்திலிருந்து இரவுக்கொன்றாக வாசித்துவந்தாள். ஆச்சி 'ழ'கரத்தைத் திருத்துவார்கள். செப்டம்பரில், 84-ஆம் சங்கீதம் வாசித்த மறுநாள், கர்த்தர் என் தாயாரைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டார்.

பிரியமானவர்களே, நம் பிள்ளைகளுக்குச் செவிகொடுக்க ஊரில் யாரோ ஒருவர் காத்திருக்கிறார்கள். அந்தக் காலம் நம் கையில் இல்லை. இந்த 40 நாட்களோ நமக்குத் தரப்பட்டிருக்கின்றன. வீணாக்காதிருப்போமாக.

85-ஆம் சங்கீதத்தை அவள் தன் தம்பிக்கு வாசித்துக் காட்டினாள். கர்த்தருக்கே மகிமை உண்டாவதாக.